உதயகிரிக் கோட்டைத் தளபதி



வேதத்தையும் வேலையையும் ஒருங்கே காப்பது கூடுமோ என்று கலங்குகிறீர்களா? டிலனாய் என்னும் கத்தோலிக்கப் படைவீரரின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

டச்சுக் கம்பெனிப் படையில் வந்த இவர், 1741-ல் குளச்சல் போரில் திருவாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டார். பின்பு அம்மன்னருக்கே ஊழியஞ்செய்து, சேனையைப் பயிற்றினார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். மன்னரோ இந்து. ஆயினும் டிலனாய் தம் விசுவாசத்தை மறைத்தாரில்லை. துன்பத்தில் வாடிய அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் பொறுமையை எடுத்துரைத்தார். பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதன்பின் வந்தது சோதனை. 1749-ல் தேவசகாயம் சிறையிலடைக்கப்பட்டார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழியில் அரசச் சேவகர் அவரைச் சுட்டுக் கொன்றனர். தாம் ஊழியஞ்செய்த அரசே தம் நண்பரைக் கொன்ற வேதனையை எண்ணிப் பாருங்கள்! டிலனாய் ஊழியத்தை விட்டாரில்லை, வேதத்தையும் விட்டாரில்லை. 1777-ல் மரித்து, கோட்டைக்குள்ளிருக்கும் சிற்றாலயத்தில் அடக்கமானார். தேவசகாயத்துக்கு 2022-ல் திருச்சபை அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தது.

உப்பளத்திலோ சர்க்காரிலோ சம்பளம் வாங்கும் நீங்களும் உப்பிட்டவருக்கு உண்மையாயிருங்கள். ஆனால் எவருக்கு அஞ்சியும் சர்வேசுரனை மறைக்காதிருங்கள்.