ஹாஸ்டல் பையன் டு ராக் ஸ்டார்: பஞ்சகனியில் வளர்ந்த ஃப்ரெடி மெர்குரியின் கதை!

காலால் தரையில் ரெண்டு தட்டு, கையால் ஒரு தட்டு. கிரிக்கெட் ஸ்டேடியத்துல அடிக்கடி கேட்கும் அந்தத் தாளம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். 1977-ல் வெளியான ‘வீ வில் ராக் யூ’ பாட்டோட தாளம் அது. அதைப் பாடியவர், பிரிட்டனின் ‘குயீன்’ ராக் இசைக்குழுவைச் சேர்ந்த ஃப்ரெடி மெர்குரி. ஆனா, இவர் முதன்முதலா பேண்டில் வாசிச்சது லண்டனில் இல்லை, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில்!

யார் இந்த ஃப்ரெடி?

இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5-ம் தேதி, ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவில் பிறந்தார். அப்பா போமி, அம்மா ஜெர் இருவரும் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிகள். அப்பாவுக்கு பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் கேஷியர் வேலை.

8 வயசுல ஹாஸ்டல்

மகனுக்கு நல்ல படிப்பு கிடைக்கணும்னு நினைச்ச பெற்றோர், கடல் கடந்து இந்தியாவுக்கு அனுப்பி வச்சாங்க. மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் உள்ள பஞ்சகனியில், செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி. அப்போ ஃபரோக்குக்கு 8 வயசுதான்.

நல்லம்பள்ளியோ நாமக்கல்லோ, சின்ன வயசுலயே ஹாஸ்டலில் சேர்ந்தவங்களுக்கு அந்த முதல் சில ராத்திரிகள் எப்படி இருக்கும்னு தெரியும். ஃபரோக்குக்கு வீடு இருந்ததோ அரபிக்கடலைத் தாண்டி இன்னொரு கண்டத்துப் பக்கம். சின்ன விடுமுறைகளில் பம்பாயில் இருந்த உறவினர் வீடுதான் அவருக்குப் போக்கிடம்.

போதாக்குறைக்கு, வாயில் நாலு பற்கள் கூடுதலாக இருந்ததால் முன்பற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். பசங்க அதைச் சொல்லியே கிண்டல் பண்ணினாங்க. ஃப்ரெடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் இந்தப் பள்ளியில்தான்.

கைகொடுத்த பியானோ

ரேடியோவில் ஒரு பாட்டைக் கேட்டா, உடனே அதை பியானோவில் வாசிச்சுக் காட்டுவாராம் ஃப்ரெடி. இந்தத் திறமையைக் கவனிச்ச பள்ளி நிர்வாகம், கூடுதல் கட்டணம் கட்டினால் முறையாக இசை கற்றுத்தரலாம்னு பெற்றோருக்குத் தகவல் அனுப்பியது. அவங்களும் சம்மதிச்சாங்க. நாலாவது கிரேடு வரை தேர்வு எழுதித் தேறினார்.

1958-ல், 12 வயசுல, நண்பர்களோடு சேர்ந்து ‘ஹெக்டிக்ஸ்’ என்ற பேண்டைத் தொடங்கினார். கிளிஃப் ரிச்சர்ட், லிட்டில் ரிச்சர்ட் பாடல்களைப் பள்ளி விழாக்களில் வாசிச்சாங்க. இதில் சுவாரஸ்யம் என்னன்னா, அந்த பேண்டின் முக்கியப் பாடகர் ஃப்ரெடி இல்லை. அவர் பியானோ பக்கம்தான் இருந்தார்.

கலவரம் தந்த திருப்பம்

1963-ல் சான்சிபார் திரும்பினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அங்கே புரட்சி வெடிக்க, உயிருக்குப் பயந்து குடும்பமே இங்கிலாந்துக்குக் கிளம்பியது. 17 வயசுல மறுபடியும் புது ஊர்.

ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிச்சார். ஹீத்ரோ விமான நிலையத்தில் லக்கேஜ் தூக்கினார், கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணி வித்தார். 1970-ல் பிரையன் மே, ரோஜர் டெய்லருடன் சேர்ந்து ‘குயீன்’ குழுவைத் தொடங்கினார். புல்சாரா, மெர்குரி ஆனது அப்போதுதான். குழுவின் சின்னத்தை வரைஞ்சதும் அவரே.

6 நிமிஷப் பாட்டு

1975-ல் அவர் எழுதிய ‘பொஹிமியன் ராப்சடி’ 5 நிமிடம் 55 விநாடி ஓடும். இவ்வளவு நீளமான பாட்டை ரேடியோவில் போட மாட்டாங்கன்னு இசை நிறுவனம் தயங்கியது. ஆனா, பிரிட்டனில் தொடர்ந்து 9 வாரம் முதலிடத்தில் இருந்தது அந்தப் பாட்டு!

1985 ஜூலை 13-ம் தேதி, எத்தியோப்பியா பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சி. குயீனுக்குக் கிடைச்சது சுமார் 20 நிமிஷம். சுமார் 72,000 பேர் அவர் கையசைப்புக்கு ஏத்த மாதிரி கைதட்டினாங்க. ராக் வரலாற்றின் சிறந்த மேடை நிகழ்ச்சிகளில் ஒன்றாக இன்றும் சொல்லப்படுவது அதுதான்.

புகழ் வந்த பிறகும் பல்லை அவர் சரிசெய்யவே இல்லை. பல்லை எடுத்தால் குரல் மாறிடுமோன்னு பயம். பள்ளியில் கிண்டலுக்கு ஆளான அதே பற்களோடுதான் அந்த மேடையிலும் நின்றார்.

கடைசி நாட்கள்

எச்.ஐ.வி பாதித்தவர்களை உலகமே ஒதுக்கி வச்ச காலம் அது. தனக்கு அந்தப் பாதிப்பு இருப்பதை நெருங்கிய சிலரிடம் மட்டுமே சொல்லியிருந்தார். உடல் மெலிந்த பிறகும் பாடல் பதிவை நிறுத்தவில்லை. 1991 நவம்பர் 23-ம் தேதி எய்ட்ஸ் பாதிப்பை அறிக்கை மூலம் வெளிப்படையாக அறிவித்தார். மறுநாளே உயிரிழந்தார். வயது 45.

அவர் நினைவாகத் தொடங்கப்பட்ட ‘மெர்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட்’, எய்ட்ஸ் ஒழிப்புப் பணிகளுக்கு நிதி அளித்து வருகிறது.

பேட்டிகளில் இந்தியாவைப் பற்றி ஃப்ரெடி அதிகம் பேசியதில்லை. பேரையும் மாத்திக்கிட்டார். ஆனா, லண்டனில் நடந்த இறுதிச்சடங்கில், பெற்றோர் விருப்பப்படி பார்சி குருமார்கள்தான் பிரார்த்தனை ஓதினாங்க. உலகத்துக்கு ஃப்ரெடி மெர்குரி, அம்மா அப்பாவுக்கு மட்டும் கடைசி வரை ஃபரோக்தான்.