நகைச்சுவையால் நல்வழி காட்டியவர்: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்

நுழையும் முன்

பிறரைச் சிரிக்க வைப்பது எளிதன்று. பிறர் மனம் நோகாமல் சிரிக்க வைப்பது அதனினும் அரிது. சிரித்தவரைச் சிந்திக்கவும் வைப்பது மிகச் சிலருக்கே கைகூடும். அச்சிலருள் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

தங்கவயலில் வளரும் மாணவர்க்கு உழைப்பின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. வடார்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்தனர். உடல் களைத்த மக்களுக்கு அக்காலத்தில் ஆறுதல் தந்தவை நாடகமும் திரைப்படமும் ஆகும். மெக்சிகோ நாட்டில் கூடாரக் கொட்டகைகளில் நடித்து, பின் திரைக்கு வந்து ஏழை மக்களின் நாயகராக விளங்கியவர் காந்தின்பிளாசு. அவர் காலத்திலேயே தமிழகத்தில் நாடக மேடையிலிருந்து புறப்பட்டுத் தமிழ்த் திரையின் நகைச்சுவைக்குத் தனிமதிப்புத் தேடித் தந்தவர் என்.எஸ். கிருஷ்ணன்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் 1908 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். நாகர்கோவில் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. குடும்பத்தின் வறுமை அவரை நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து பிரித்தது. சிறுவர் பலர் புத்தகம் சுமந்த வயதில் அவர் சிறுசிறு கூலி வேலைகள் செய்தார். நாடகக் கொட்டகையில் தின்பண்டமும் சோடாவும் விற்றார். விற்கச் சென்ற இடத்தில் கண்ட நாடகங்கள் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தன. பள்ளி மறுத்த கல்வியைக் கொட்டகை வழங்கியது எனலாம். தென்மாவட்டங்களுக்கே உரிய வில்லுப்பாட்டுக் கலையிலும் அவர் தேர்ச்சி பெற்றார்.

நாடக மேடையில்

அக்காலத்தில் சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பெற்ற நாடகக் குழுக்களைப் பாய்ஸ் கம்பெனி என்பர். அங்குச் சிறுவர்கள் ஒன்றாகத் தங்கி, உண்டு, பாட்டும் வசனமும் நடிப்பும் பயின்றனர். அத்தகைய குழுக்களுள் புகழ் பெற்றது டி.கே.எஸ். சகோதரர்களின் ஸ்ரீ பால சண்முகானந்த சபா. அதில் சேர்ந்த கிருஷ்ணன் ஊர் ஊராகச் சென்று பல்வேறு வேடங்களை ஏற்றார். எந்த வேடத்தை எவர் ஏற்க இயலாமற் போனாலும் அவ்விடத்தை நிரப்பும் திறன் அவரிடம் இருந்தது. எனினும் நகைச்சுவையே அவருடைய தனிவழியாயிற்று.

திரையுலகில்

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936 இல் வெளிவந்த 'சதி லீலாவதி' அவர் நடித்த தொடக்கப் படமாகும். எம்.ஜி. இராமச்சந்திரனும் அப்படத்திலேயே திரைக்கு அறிமுகமானார். 'வசந்தசேனா' படத்தின்போது டி.ஏ. மதுரத்தைக் கிருஷ்ணன் சந்தித்தார். திரையில் இணைந்த இருவரும் பின்னர் வாழ்விலும் இணைந்தனர். 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'ஆர்யமாலா', 'கண்ணகி', 'மங்கம்மா சபதம்', 'ஹரிதாஸ்' எனப் படங்கள் தொடர்ந்தன. இவ்விணையரின் பெயர் விளம்பரத்தில் இருந்தால் படம் ஓடும் என்னும் நிலை உருவாயிற்று.

அவருடைய நகைச்சுவைப் பகுதிகள் பெரும்பாலும் மூலக் கதையிலிருந்து தனித்து நிற்பவை. தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டு, காட்சியையும் உரையாடலையும் தாமே வகுத்து, படத்தில் இணைத்தார். ஒருவருடைய உடற்குறையையோ ஏழ்மையையோ கேலிப்பொருளாக்குவது அன்றைய மேடைகளில் வழக்கமாக இருந்தது. கிருஷ்ணன் மூடநம்பிக்கை, தீண்டாமை, மதுப்பழக்கம், வீண் பெருமை ஆகியவற்றை நோக்கிச் சிரிப்பைத் திருப்பினார். மனிதரை நகையாமல் மனிதரின் மடமையை நகைத்தமையால், நகைக்கப்பட்டவரும் உடன் நகைத்தனர்.

சோதனைக் காலம்

புகழின் உச்சியில் இருந்தபோது பெருந்துன்பம் நேர்ந்தது. திரைத்துறையினரின் சொந்த வாழ்வைப் பற்றி இழிவாக எழுதிவந்த லட்சுமிகாந்தன் என்னும் இதழாசிரியர் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அக்கொலைக்குச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றமும் அத்தண்டனையை உறுதி செய்தது.

நாட்டையே சிரிக்க வைத்தவர் சிறைக்குள் அடைபட்டார். வெளியே வழக்குச் செலவு வளர்ந்தது, வருவாய் நின்றது. அந்நிலையில் மதுரம் சோர்ந்துவிடவில்லை. நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமம் துணைநிற்க, என்.எஸ்.கே. நாடக சபா தொடர்ந்து நாடகங்களை நடத்தியது. 'பைத்தியக்காரன்' நாடகம் பின்னர் அதே பெயரில் திரைப்படமாகவும் உருவாயிற்று. கணவரின் விடுதலைக்காக உழைத்த மதுரத்தின் உறுதி, மேடையில் அவர் ஏற்ற எந்த வேடத்தையும் விட உயர்ந்தது.

அந்நாளில் இந்திய வழக்குகளுக்கு இறுதி முறையீட்டு மன்றமாக இலண்டனில் பிரிவி கவுன்சில் இருந்தது. அங்குச் செய்யப்பட்ட முறையீட்டின் பயனாக வழக்கு மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் கிருஷ்ணன் விடுதலை பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாழ்வை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர இயலவில்லை.

மீண்டும் எழுச்சி

விடுதலைக்குப்பின் பாகவதரின் பழைய புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணனோ மக்கள் நெஞ்சில் மீண்டும் இடம்பெற்றார். தமிழ் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கினார். 1949 இல் அறிஞர் அண்ணாவின் எழுத்தில் வெளிவந்த 'நல்லதம்பி' மதுவின் தீமையை எடுத்துரைத்தது. அப்படத்தில் இடம்பெற்ற கிந்தனார் கதாகாலட்சேபம் நந்தனார் கதையின் சாயலில் அமைந்தது. நந்தனார் சிதம்பரத்திற்குச் செல்ல ஏங்கினார். ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவனாகிய கிந்தனோ நகரத்துப் பள்ளிக்குச் செல்ல ஏங்குகிறான். கற்று உயர்ந்து, கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்புகிறான். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர், கல்வியின் சிறப்பை இவ்வாறு நாடெங்கும் பாடினார்.

'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை அவரே இயக்கினார். 1951 இல் திரைக் கலைஞர் குழுவுடன் சோவியத் நாட்டிற்குச் சென்று வந்தார். 1955 இல் வெளிவந்த 'முதல் தேதி' படத்தில், மாதச் சம்பளக்காரரின் வீடு தொடக்க நாட்களில் மகிழ்ந்து இறுதி நாட்களில் தவிப்பதைப் பாட்டாக வடித்துக் காட்டினார். சம்பள நாளின் மகிழ்வையும் மாதக் கடைசியின் கடனையும் அறிந்த தங்கவயல் குடும்பங்களுக்கு அப்பாட்டின் பொருளை விளக்க உரை வேண்டாம்.

கொடையும் நிறைவும்

தம்மிடம் உதவி நாடி வந்தோர்க்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் கலைவாணரிடம் இருந்ததில்லை. நலிந்த கலைஞர்க்கும் ஏழை மாணவர்க்கும் கைப்பொருளை வழங்கினார். காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோவிலில் தம் செலவில் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பினார். ஈட்டிய பொருளைச் சேர்த்து வைக்காமையால் இறுதிக்காலத்தில் பொருள்முடை அவரை வருத்தியது. அவருடைய கொடையைப் போற்றும் நாம், அதன் சுமையை மதுரமும் குடும்பத்தாரும் சேர்ந்தே சுமந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

1957 ஆகஸ்டு 30 ஆம் நாள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கலைவாணர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 48. சென்னையில் அமைக்கப்பட்ட அவரது சிலையை 1969 சனவரியில் முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். அடுத்த மாதமே அண்ணா மறைந்தமையால், அவர் பங்கேற்ற இறுதிப் பொதுநிகழ்ச்சியாக அது அமைந்தது. சென்னையிலுள்ள கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வறுமை, பழி, சிறை, கடன் ஆகிய நான்கையும் கண்டவர் கலைவாணர். அவற்றுள் எதுவும் அவருடைய நகைச்சுவையில் கசப்பைக் கலக்கவில்லை. வகுப்பில் ஒருவரைப் பார்த்துச் சிரிக்க நேரும்போது, நம் சிரிப்பு அவரைத் தாழ்த்துகிறதா, அவரோடு சேர்ந்து மகிழ்கிறதா என எண்ணிப் பார்ப்போம். அதுவே அவர் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.

சொற்பொருள்

கைகூடும் – நிறைவேறும்
மடமை – அறியாமை
இணையர் – துணைவர் இருவர்
முறையீடு – மேல் மன்றத்தில் நீதி வேண்டல்
பொருள்முடை – பணத் தட்டுப்பாடு

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கலைவாணர் பிறந்த ஊர் ________.
2. 'நல்லதம்பி' திரைப்படம் வெளிவந்த ஆண்டு ________.
3. கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கியவர் ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. நல்வழி 2. தீர்ப்பளித்தது 3. பெருந்துன்பம்

இ. ஓரிரு தொடரில் விடை தருக.
1. பாய்ஸ் கம்பெனி என்பது யாது?
2. நந்தனாரின் ஏக்கமும் கிந்தனின் ஏக்கமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. கலைவாணர் எவற்றை நோக்கிச் சிரிப்பைத் திருப்பினார்?

ஈ. சிந்தித்து விடை தருக.
1. கலைவாணர் சிறையிலிருந்த காலத்தில் மதுரம் ஆற்றிய பணியை ஒரு பத்தியில் எழுதுக.
2. ஒருவர் தம்மிடம் உள்ளதையெல்லாம் பிறர்க்கு வழங்குதல் சரியா? இருபுறக் கருத்துகளையும் எழுதி, உம் முடிவைக் கூறுக.

உ. செயல்திட்டம்
உம் வீட்டு முதியோரிடம், சுரங்கம் இயங்கிய நாட்களில் சம்பள நாள் எவ்வாறு இருந்தது என்றும், அக்காலத்தில் அவர்கள் கண்டு மகிழ்ந்த நாடகம் அல்லது திரைப்படம் யாது என்றும் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதி வருக.