சிவப்பு எங்கே போச்சு? கண்புரையோடு மல்லுக்கட்டிய ஓவியர் மோனே

சிவப்பு நிறம் சேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தபோது, பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 70 வயதைத் தாண்டியிருந்தார். இளஞ்சிவப்பு சோகை பிடித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. ஆழ்ந்த நிறங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் பிடிபடவே இல்லை. தீட்டி முடித்த படத்தைத் தள்ளி நின்று பார்த்தால், பழைய ஓவியம்போல இருண்டு போயிருந்தது. வெளிச்சத்தை வரைவதையே தொழிலாக வைத்திருந்த மனிதருக்கு வந்த சோதனை இது.

1840-ல் பாரிஸில் பிறந்து, லெ ஆவ்ர் துறைமுக நகரில் வளர்ந்தவர் மோனே. பள்ளிக்கூட வயதிலேயே ஊர்க்காரர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து விற்றுக் காசு பார்த்தார். 1874-ல் நடந்த கண்காட்சியில் அவர் வைத்த ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ என்ற படத்தை ஒரு விமர்சகர் கிண்டலடித்து எழுதப்போய், அந்தக் கிண்டலே ‘இம்ப்ரெஷனிசம்’ என்று ஒரு கலை இயக்கத்துக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. ஒரே வைக்கோல்போரை, ரூவான் தேவாலயத்தின் ஒரே முகப்பை, வெளிச்சம் மாற மாறத் திரும்பத் திரும்ப வரைந்தவர் அவர். காலை 8 மணி வெயிலுக்கும் 10 மணி வெயிலுக்கும் நிறத்தில் என்ன வேறுபாடு என்று பார்த்துச் சொல்லக்கூடிய கண்.

1883-ல் ஜிவெர்னி கிராமத்தில் குடியேறினார். வீட்டை ஒட்டி நிலம் வாங்கி, குளம் வெட்டி, அல்லி வளர்த்து, ஜப்பானியப் பாணியில் ஒரு பாலமும் போட்டார். கடைசி மூச்சுவரை அவர் வரைந்துகொண்டிருந்தது அந்தக் குளத்தைத்தான்.

1911-ல் மனைவி ஆலிஸ் இறந்தார். மறுவருஷம் மருத்துவரிடம் போனபோது, இரண்டு கண்ணிலும் கண்புரை என்று தெரிந்தது.

கண்புரை என்ன செய்யும்?

கண்ணின் நடுவே தெரியும் கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் இயற்கையான ஒரு லென்ஸ் இருக்கிறது. பிறக்கும்போது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். வயசாக ஆக அது மெல்ல மஞ்சளாகி, பழுப்பாகி, கலங்கிப்போகும். அதுதான் கண்புரை. மஞ்சளான லென்ஸ் நீல ஒளியைத் தடுத்துவிடும்; உலகமே தேநீர் டிகாக்ஷன் வழியாகப் பார்ப்பதுபோல ஆகிவிடும். கலங்கிய லென்ஸ் ஒளியைச் சிதறடிப்பதால் கண் கூசும். வலி துளிக்கூட இருக்காது. மாற்றம் வருஷக்கணக்கில் நடப்பதால், நிறம் மாறியதே பலருக்குத் தெரியாது. மோனேவுக்குத் தெரிந்ததென்றால், அவர் நிறத்தோடு வாழ்ந்தவர் என்பதால்தான்.

அவரிடம் இருந்த மற்ற அறிகுறிகளும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் பார்க்கக்கூடியவைதான். உச்சிவெயில் ஆகவில்லை; அகலமான வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டார், கூச்சம் குறைவான நேரமாகப் பார்த்து வேலை செய்தார். நிறங்களைக் கண்ணால் நம்ப முடியாமல், பெயின்ட் டியூப்களின் மேல் இருக்கும் பெயரைப் பார்த்தும், வண்ணத்தட்டில் எந்த நிறம் எந்த இடத்தில் என்ற பழக்கத்தை வைத்தும் வரைந்தார். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, கண்ணாடி பவர் அடிக்கடி மாறுவது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் உருவம் இரண்டாகத் தெரிவது ஆகியவையும் கண்புரையின் அறிகுறிகள்தான். சில முதியவர்கள் திடீரென்று கண்ணாடியே இல்லாமல் பேப்பர் படிப்பார்கள். கண் சரியாயிடுச்சு என்று வீடே சந்தோஷப்படும். லென்ஸ் இறுகிப்போனதால் கிட்டப்பார்வை வந்திருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அதுவும் போய்விடும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்வை திடீரென்று போவது, கண் சிவந்து கடுமையாக வலிப்பது, மின்னல் வெட்டுவது, திரை விழுந்ததுபோல ஒரு பக்கம் மறைவது இதெல்லாம் சாதாரணக் கண்புரையின் போக்கே கிடையாது. மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பயம் பிடித்த 11 ஆண்டுகள்

கண்புரை என்று தெரிந்தும் மோனே அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் இல்லாமலும் இல்லை. அவருடைய சக ஓவியர் மேரி கசாட் கண்புரைக்காகச் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள் பலன் தரவில்லை. அதைப் பார்த்தவருக்கு, இருக்கும் பார்வையும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இந்த நிலையில்தான் அவர் பெரிய வாக்கு ஒன்றையும் கொடுத்துவைத்திருந்தார். 1918-ல் முதல் உலகப் போர் ஓய்ந்த மறுநாளே, அல்லிக்குள ஓவியங்களை நாட்டுக்குத் தர முன்வந்தார். அவருடைய நண்பரும் அப்போதைய பிரதமருமான ஜார்ஜ் கிளெமான்சோ இதில் முன்னால் நின்றார். ஒவ்வொன்றும் ஆளுயரத்தைத் தாண்டி, சுவரையே நிறைக்கும் ஓவியங்கள். அவற்றை முடிக்கக் கண் வேண்டும்.

அந்த ஆண்டுகளில் வரைந்த ஜப்பானியப் பாலம் படங்களைப் பார்த்தால் பாலமே சட்டென்று பிடிபடாது. பச்சையும் நீலமுமாக இருந்த குளம் செம்பழுப்பில் எரிகிறது. இது நவீன ஓவியத்தின் தொடக்கம் என்கிறார்கள் சிலர். கண்புரையின் வேலை என்கிறார்கள் சிலர். இரண்டுமே இருக்கலாம். திருப்தி இல்லாத பல படங்களை மோனேவே அழித்துவிட்டார்.

1922 செப்டம்பரில் பாரிஸின் கண் மருத்துவர் சார்ல் குத்தெலா பரிசோதித்தபோது, வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது. இடது கண்ணிலும் பார்வை வெகு குறைவு. கண்ணின் கறுப்பு வட்டத்தை விரிக்கும் சொட்டுமருந்து கொடுத்ததும், கலங்கிய நடுப்பகுதியின் ஓரமாக ஒளி புகுந்து, கொஞ்சம் பார்வை கிடைத்தது. அதையே பிடித்துக்கொள்ளப் பார்த்தார் மோனே. அது எத்தனை நாளைக்கு? மருத்துவப் படிப்பு படித்தவரான கிளெமான்சோவும் விடாமல் வற்புறுத்தினார். 1923 ஜனவரியில் வலது கண்ணில் இரண்டு கட்டமாக அறுவைச் சிகிச்சை நடந்தது.

இன்றைய சிகிச்சையோடு அதை ஒப்பிடவே முடியாது. தலை அசையாதபடி மணல் மூட்டை வைத்து, இரண்டு கண்ணையும் கட்டி, நாள்கணக்கில் மல்லாந்து படுக்க வைத்தார்கள். மோனே அடங்கிப் படுக்கிற ஆளா? கட்டைப் பிய்க்கப் போனார். லென்ஸின் பின்பக்கச் சவ்வு கலங்கியதால் ஜூலையில் இன்னொரு சிகிச்சையும் தேவைப்பட்டது.

இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, பதிலுக்குக் கண்ணுக்குள் எதுவும் வைக்காத காலம் அது. கனமான கண்ணாடி போட வேண்டும். அதில் பொருள்கள் பெரிதாகவும் வளைந்தும் தெரியும். ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை நடந்ததால் இரண்டு கண்ணின் காட்சியும் ஒட்டாது. கூடவே நிறமும் ஆட்டம் காட்டியது. எல்லாம் மஞ்சள் என்றார், பிறகு எல்லாம் நீலம் என்றார். மஞ்சள் வடிகட்டி போன பிறகு நீல ஒளி தடையில்லாமல் உள்ளே வரும் அல்லவா? ஏமாந்துவிட்டோம் என்று குமுறினார். ஓவியங்களைக் கொடுக்க முடியாது என்று பின்வாங்கியபோது, கிளெமான்சோவுடனான நட்பே முறிகிற கட்டத்துக்குப் போனது.

வேறொரு கண் மருத்துவரான ஜாக் மவாஸ் பொறுமையாக நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இடது கண்ணை மறைத்துக்கொண்டு, வலது கண்ணாலேயே வேலை பார்க்கப் பழகினார் மோனே. 1925-ன் நடுவில் பார்வை ஒருவழியாகத் தெளிந்தது. மறுபடி தூரிகையை எடுத்து, பெரிய அல்லிக்குள ஓவியங்களைத் திருத்தத் தொடங்கினார்.

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸை லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலில் பொருத்தியது 1949-ல். மோனேவுக்கு அது கிடைக்கவில்லை. இடது கண்ணில் அவர் கடைசிவரை கத்தி வைக்க விடவும் இல்லை.

1926 டிசம்பர் 5-ந் தேதி, 86 வயதில் ஜிவெர்னியில் காலமானார். உயிரோடு இருந்தவரை அந்தப் பெரிய ஓவியங்களை அவர் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. 1927 மே மாதம் பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில், அவற்றுக்கென்றே அமைத்த இரண்டு முட்டைவடிவ அறைகள் திறக்கப்பட்டன. சுவரைச் சுற்றிலும் குளம். அதில் நீலம் இருக்கிறது, பச்சையும் இருக்கிறது.