வேரின் விருப்பம் அறிந்த வித்தகர்

தொட்டியில் மண்ணை நிரப்பி, செடியை ஊன்றி, நாள்தோறும் நீர் வார்த்தால் செடி தழைக்கும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. ஆனால் மண்ணில் ஊன்றினால் மடிந்து போகும் செடிகளும் இவ்வுலகில் உண்டு. வெப்ப நாட்டு ஆர்க்கிடுகளிற் பெரும்பாலானவை அத்தகையவை. இந்த எளிய உண்மையை மேனாட்டார் கற்றுக்கொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் கப்பல் கப்பலாய் வந்திறங்கிய ஆர்க்கிடுகள் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் அழுகி மாண்டன. வெப்ப நாட்டு ஆர்க்கிடுகளின் இடுகாடு என்று அந்நாட்டைப் பிற்காலத் தாவர அறிஞர்கள் குறிப்பிடும் அளவுக்கு அழிவு நேர்ந்தது.

அந்த நாட்களில் ஆர்க்கிடுகளைப் பற்றி எவரைக் கேட்பது என்றால் எல்லோரும் ஒருவரைத்தான் சுட்டினர். அவர் ஜான் லிண்ட்லி. ஆர்க்கிட் இயலின் தந்தை என்று இன்றும் போற்றப்படுபவர். அவர் வாழ்வில் வெற்றிகள் பல, பிழைகளும் உண்டு. இரண்டிலிருந்தும் மாணவராகிய நாம் கற்க வேண்டியவை உள்ளன.

இளமை

1799ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இங்கிலாந்தின் நார்விச் நகரை அடுத்த காட்டன் என்னும் சிற்றூரில் லிண்ட்லி பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் லிண்ட்லி நாற்றுப்பண்ணை நடத்தியவர். பழமரங்களைப் பற்றி நூல் எழுதும் அளவுக்கு அறிவுடையவர். ஆனால் அறிவு இருந்த அளவுக்கு அவரிடம் பொருள் இல்லை. பண்ணை கடனில் மூழ்கியது. மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப அவரால் இயலவில்லை. நார்விச்சில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் இளைஞர் லிண்ட்லி விதை வணிகர் ஒருவரின் முகவராகப் பெல்ஜியம் சென்றார். ஒரு கண்ணில் பார்வை இல்லை. கல்லூரிப் பட்டம் இல்லை. தந்தையின் கடனையும் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டார். அந்தச் சுமை பல்லாண்டுகள் அவரை விட்டு நீங்கவில்லை.

செடிகளின்பால் கொண்ட காதல் அவரைத் தாவர அறிஞர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கரிடம் கொண்டு சேர்த்தது. ஹூக்கரின் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கியிருந்தபோது லிண்ட்லியின் படுக்கை நாள்தோறும் கலையாமலே கிடந்ததாம். வேலைக்காரர்கள் வியந்து விசாரித்தனர். மலேயத் தீவுகளின் காடுகளுக்குச் செடி திரட்டப் போக வேண்டும் என்பது அவர் கனவு. அங்கே பஞ்சணை கிடைக்குமா? ஆகவே இப்போதே பழகிக்கொள்வோம் என்று வெறும் பலகையில் படுத்துறங்கினார் என்பார்கள்.

பலகையில் படுத்தும் அந்தப் பயணம் வாய்க்கவில்லை. வெப்ப நாட்டுக் காடு எதையும் அவர் தம் கண்ணால் கண்டதே இல்லை. இந்தச் செய்தியை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்த பிழைக்கு இதுவும் ஒரு காரணம்.

உழைப்பும் உயர்வும்

1819இல், இருபது வயதில், ரிச்சர்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் கனிகளைப் பற்றி எழுதிய நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அதே ஹூக்கரின் உதவியால் இலண்டனில் சர் ஜோசப் பேங்க்ஸின் நூலகத்தில் பணி கிடைத்தது. 1820இல் ரோசா இனங்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். செல்வ வணிகர் வில்லியம் கேட்லி தாம் வளர்த்த அரிய செடிகளை விளக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். இன்று உலகெங்கும் மலர்ப் பிரியர்கள் கொண்டாடும் கேட்லியா என்னும் ஆர்க்கிடு அந்த வணிகரின் பெயரை லிண்ட்லி சூட்டியதால் வந்ததே.

1822இல் தோட்டக்கலைச் சங்கத்தின் சிஸ்விக் தோட்டத்தில் உதவிச் செயலராய்ச் சேர்ந்தார். அச்சங்கத்துக்கு நாற்பது ஆண்டுகள் உழைத்தார். புதிதாய்த் தோன்றிய இலண்டன் பல்கலைக்கழகத்தில் 1829இல் தாவரவியலின் முதற் பேராசிரியராய்ப் பாடம் தொடங்கி, 1860 வரை கற்பித்தார். கல்லூரி வாயிலை மாணவராய் மிதிக்காதவர் பேராசிரியராய் நுழைந்தார்! 1832இல்தான் ம்யூனிக் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. பகலில் சங்கப் பணியும் வகுப்பும், இரவில் எழுத்தும் என்று அவர் வாழ்வு ஓடிற்று.

1830 முதல் 1840 வரை பகுதி பகுதியாய் வெளிவந்த அவருடைய ஆர்க்கிடு நூல் ஏறக்குறைய 2000 இனங்களை வகைப்படுத்தியது. சீலோகைன், ஓபரோனியா, ஏரியா, அகாம்ப்பே என நம் மேற்கு மலைத் தொடரிலும் வளரும் பேரினங்களுக்குப் பெயரிட்டவர் அவரே. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் இராபர்ட் வைட் திரட்டிய செடிகளும் அவர் மேசைக்குச் சென்றன. நம் பகுதி மரங்களில் காணும் அகாம்ப்பே ஒன்றுக்கு வைட்டின் பெயரையே லிண்ட்லி இட்டார். வைட்டுக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். அவர்களுள் கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிடுக்குச் சூட்டியதும் இங்கு நினைக்கத்தக்கது.

மண்ணிலிட்டு மாய்த்த கதை

இனி, தொட்டியின் கதைக்கு வருவோம். மரக்கிளைகளில் பற்றி வாழும் ஆர்க்கிடுகளைக் கண்ட மேனாட்டார் முதலில் அவற்றைப் புல்லுருவி என்றே எண்ணினர். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. ஆர்க்கிடோ மரத்தில் குடியிருக்கிறது. அதன் உணவைத் தொடுவதில்லை. இத்தகையவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்று நம் பாட நூல்கள் கூறும். அவற்றின் வேர்கள் காற்றில் தொங்கும். வேரின்மேல் வெலமன் என்னும் பஞ்சு போன்ற திசு போர்த்தியிருக்கும். மழை பெய்தால் அது விரைவில் நீரை உறிஞ்சிக்கொள்ளும். மழை நின்றால் காற்றில் உலரும். நனைதல், உலர்தல், மீண்டும் நனைதல் - இதுவே அவ்வேரின் வாழ்க்கை.

அத்தகைய வேரை இறுகிய மண்ணில் புதைத்தால் என்ன ஆகும்? நீர் தங்கும், காற்றுப் புகாது, வேர் மூச்சின்றி அழுகும். அக்காலத் தோட்டக்காரர்கள் அதைத்தான் செய்தனர். தோல் பதனிட்ட பட்டைச் சக்கையைக் குவித்து, அது புளித்து எழுப்பும் சூட்டில் தொட்டிகளைப் புதைத்து வைத்தனர். அடியில் சூடு, மேலே புழுக்கம், உள்ளே ஈர மண்! செடிகள் பிழைக்க வழி ஏது? சர் ஜோசப் பேங்க்ஸ் மட்டும் மெல்லிய குச்சிகளால் கூடை முடைந்து, பாசியும் சிறிது மண்ணும் இட்டு, ஆர்க்கிடுகளைத் தொங்கவிட்டு வளர்த்தார். நல்ல வழி அவர் கூடையில் கண்ணெதிரே தொங்கியது. ஆயினும் அதைப் பின்பற்றியவர் சிலரே.

1830இல் லிண்ட்லி தோட்டக்கலைச் சங்கத்தில் ஆர்க்கிடு வளர்ப்பைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். வெப்ப நாடுகளிலிருந்து வந்த செய்திகளைத் தொகுத்து, மிகுந்த வெப்பம், அடர்ந்த நிழல், நீங்காத ஈரம் ஆகியவை இவற்றுக்கு இன்றியமையாதவை என்று முடிவு கட்டினார். சொன்னவர் லிண்ட்லி அல்லவா? நாடெங்கும் கண்ணாடி வீடுகள் நீராவி அறைகளாயின. தாழ்நிலக் காட்டுச் செடிகளுக்கு அந்தப் பக்குவம் ஓரளவு பொருந்தியது. ஆனால் இமயத்தின் சரிவிலும் அமெரிக்க மலைகளின் குளிர்ந்த மூடுபனியிலும் வளர்ந்தவை அந்தப் புழுக்கத்தில் மாண்டன. வெப்ப நாடு என்றால் எல்லா இடமும் வெப்பம் என்று கொண்டதே பிழை. நம் கோடைக்கானலும் உதகையும் வெப்ப நாட்டில்தானே இருக்கின்றன! காட்டை நேரிற் கண்டிருந்தால் இப்பிழை நேர்ந்திருக்குமா என்று எண்ணத் தோன்றுகிறது.

திருந்திய வழி

பிழையைத் திருத்தும் வேலையைச் செயலில் தொடங்கியவர்கள் தோட்டக்காரர்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் செடியின் தாயகத்துக்கு ஏற்ப வெவ்வேறு வெப்பநிலையில் அவற்றை வளர்த்தார். கண்ணாடி வீட்டுக்குள் காற்று உலவச் செய்தார். அவர் அனுப்பிய ஜான் கிப்சன் 1835இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு, காசி மலைகளில் ஆர்க்கிடுகளைத் திரட்டி 1837இல் ஊர் திரும்பினார். தொட்டியில் மண் குறைந்தது. ஓட்டுச் சில்லும் பாசியும் நார்வேர் மிக்க கரம்பையும் மிகுந்தன.

லிண்ட்லியும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1840இல் வெளிவந்த தோட்டக்கலைக் கோட்பாடு பற்றிய அவருடைய நூலில், செடியின் தாயகத்துத் தட்பவெப்பத்தை அறிந்து அதற்கேற்ப வளர்ப்பதே தோட்டக்கலையின் அடிப்படை என்பதை விளக்கினார். வேரைச் சுற்றி நீர் தேங்குவதன் கேட்டையும் எடுத்துரைத்தார். 1841இல் பாக்ஸ்டனும் அவரும் பிறரும் சேர்ந்து தோட்டக்காரர்களுக்கென்றே வார இதழ் ஒன்றைத் தொடங்கினர். தோட்டக்கலைப் பகுதியின் ஆசிரியராய் இறுதி வரை லிண்ட்லியே விளங்கினார். பட்டம் பெற்ற அறிஞரும் கையில் மண் ஒட்டிய தோட்டக்காரரும் ஒரே பக்கத்தில் எழுதும் களமாக அது அமைந்தது.

பிற தொண்டுகள்

கியூ தோட்டம் இன்று உலகப் புகழ் பெற்றது. 1838இல் அது கேட்பாரற்றுக் கிடந்தது. அதை ஆராய லிண்ட்லி, பாக்ஸ்டன், வில்சன் ஆகிய மூவரை அரசு அமர்த்தியது. நாட்டின் பொதுத் தாவரத் தோட்டமாக அதை வளர்க்க வேண்டும் என்று அறிக்கை கூறியது. அரசோ செலவுக்கு அஞ்சி, செடிகளைப் பிறருக்கு அளித்துவிட முயன்றது. லிண்ட்லி பணியாற்றிய தோட்டக்கலைச் சங்கத்துக்கே அவற்றைத் தர முன்வந்தது. தம் சங்கத்துக்கு வரும் ஊதியத்தை அவர் எண்ணவில்லை. கியூ பிழைக்க வேண்டும் என்று போராடினார். 1840இல் தோட்டம் காப்பாற்றப்பட்டது. 1841இல் அதன் இயக்குநராய் அமர்ந்தவர் அவருடைய பழைய புரவலர் ஹூக்கரே.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய் பரவியது. அதனை ஆராயச் சென்ற குழுவிலும் லிண்ட்லி இருந்தார். பெரும் பஞ்சம் வரப்போகிறது என்பதை அக்குழு அரசுக்கு உணர்த்தியது. ஆயினும் நோய்க்கு மிகுந்த ஈரமே காரணம் என்று லிண்ட்லி கருதினார். பூஞ்சையே காரணம் என்று பெர்க்கிலி என்னும் பாதிரியார் கூறியதே பின்னர் உண்மை எனத் தெளிந்தது. பேரறிஞரும் தவறக்கூடும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அந்தத் தவறு நம் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. நம் எச்சரிக்கையைக் கூட்டினால் போதும்.

1857இல் இராயல் கழகம் அவருக்குப் பதக்கம் அளித்தது. ஓய்வறியா உழைப்பு உடலைத் தின்றது. 1862ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கு அவர் ஏற்ற பணி இருந்த வலிமையையும் குலைத்தது. 1865 நவம்பர் 1ஆம் நாள் மறைந்தார். அவர் சேர்த்த ஆர்க்கிடு உலர் தாவரத் தொகுப்பு அவர் காத்த கியூவுக்கே சென்றது. அவருடைய நூல்கள் தோட்டக்கலைச் சங்கத்தின் லிண்ட்லி நூலகத்துக்கு வித்தாயின.

நமக்கு உரிய பாடம்

இன்று ஆர்க்கிடு வளர்ப்போர் தொட்டியை நிரப்பும் முன்னர் வேரைப் பார்க்கின்றனர். மரத்தில் பற்றி வளரும் இனங்களுக்கு மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு, செங்கல் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போன்றவை ஏற்றவை. இடையே காற்று ஓடும், நீர் வடியும். ஈரம் விரும்பும் மெல்லிய வேருடையவற்றுக்கு ஸ்பேக்னம் பாசி நன்று. ஆனால் அதை இறுக்கித் திணித்தால் மீண்டும் பழைய அழுகலே. தரையில் வளரும் இனங்களுக்கு இலைமக்கு கலந்த பொலபொலப்பான மண் வேண்டும். மழை மிகுந்த ஊரில் பெருந்துண்டுகள், வறண்ட ஊரில் சிறு துண்டுகள் என இடத்துக்கேற்பவும் மாறும். பட்டையும் மட்டையும் நாளடைவில் மக்கி இறுகும். அப்போது தொட்டியை மாற்றியாக வேண்டும். எல்லாச் செடிக்கும் ஏற்ற ஒரே கலவை என்று எதுவும் இல்லை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தார் பேணும் ஆர்க்கிடுத் தோட்டத்தைக் காணச் செல்லும் மாணவர்கள் பூவோடு நில்லாமல் தொட்டிக்குள்ளும் சற்றே எட்டிப் பார்ப்பது நல்லது.

மாணவரும் அப்படியே அல்லவா? ஒரே மண்ணில் எல்லோரையும் நட்டு, ஒரே அளவில் நீர் வார்த்து, வாடியதைக் கண்டு செடியைப் பழிப்பது தோட்டக்காரருக்கு அழகன்று. கல்லூரி மண் கிடைக்காமலே நாற்றுப்பண்ணையிலும் நூலகத்திலும் வேர்விட்டு வளர்ந்தவர் லிண்ட்லி. கேட்டதைக் கொண்டு முடிவு கட்டியபோது தவறினார். செடியின் பிறந்த இடத்தை எண்ணியபோது வழி கண்டார். அந்த இரண்டையும் நாம் மறவாதிருப்போமாக!