நிலத்தடி உரோமையைக் கண்ட அந்தோனியோ போசியோ

உரோமை நகர மதில்களுக்கு வெளியே, பழஞ்சாலைகளின் ஓரமாக, மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்து அமைத்த கல்லறைச் சுரங்கங்கள் பல உள்ளன. நகரினுள் பிணம் புதைத்தலைப் பண்டை உரோமையர் சட்டம் விலக்கியமையால், பழங்கிறித்தவர் தம் இறந்தோரை அங்கே அடக்கம் செய்தனர். பிற்காலத்தில் அவற்றுட் பெரும்பாலானவை தூர்ந்து மறக்கப்பட்டன. 1578 ஆம் ஆண்டில் சலாரியா சாலையருகே மண் தோண்டிய தொழிலாளர் தற்செயலாக ஒன்றைத் திறந்துவிட, நகரமே வியந்தது.

அந்நாளில் அந்தோனியோ போசியோ சிறு குழந்தை. மால்டாத் தீவிற் பிறந்த அவரை உரோமையில் வளர்த்தவர், தந்தையுடன் பிறந்தவரான ஜாக்கோமோ போசியோ. சட்டம் பயின்ற இளைஞரின் உள்ளம் பதினெட்டாம் அகவையிலேயே பழம்பொருள் ஆராய்ச்சியின்பாற் சென்றது.

1593 டிசம்பர் 10 அன்று, நண்பர் சிலருடன் அர்தியாத்தினா சாலையருகே ஒரு சுரங்கத்தினுள் இறங்கினார். கிளை கிளையாகப் பிரிந்த வழிகளில் ஆர்வத்தால் நெடுந்தூரம் சென்றபின் திரும்பும் வழி புலப்படவில்லை. கையிலிருந்த மெழுகுவர்த்திகளோ முடியும் நிலை. அவ்விருளில் தாம் இறந்துபட்டால், சான்றோர் துயிலும் அவ்விடம் தம் உடலால் மாசுறுமே என்று அவர் அஞ்சினாராம். ஒருவாறு வழி கண்டு மீண்டார். அதன்பின் விளக்குப் பொருள்களை மிகுதியாகக் கொண்டே இறங்கினார். இறங்குவதை மட்டும் விடவில்லை.

வெறுந்துணிவு மட்டும் அவருக்குத் துணையன்று. பழைய நூல்களையெல்லாம் பொறுமையுடன் கற்று, எச்சாலையில் எக்கல்லறை இருந்ததென்று குறித்துக்கொள்வார். பின் அவ்விடத்துத் திராட்சைத் தோட்டங்களில் பிளவுகளைத் தேடி அலைவார். தவழ்ந்து நுழைய இடமிருந்தாலும் போதும். இவ்வாறு முப்பதளவு சுரங்கங்களை ஆராய்ந்தார். சுவரோவியங்களை ஓவியரைக் கொண்டு படியெடுத்தார். அப்படிகள் யாவும் பிழையற்றவை என்று சொல்ல இயலாது. எனினும் மூலம் அழிந்துபோன சிலவற்றுக்கு அவையே இன்று எஞ்சிய சான்று.

1629 இல் அவர் மறைந்தபோது நூல் அச்சேறவில்லை. மால்டா வீரத்துறவியர் சபையின் பொருட்செலவில், செவெரானி என்னும் துறவி பதிப்பிக்க, 1634 இல் ‘ரோமா சொத்தெர்ரானேயா’ வெளிவந்தது. அதன்பின் எலும்புகளையும் பொருள்களையும் தேடிக் கல்லறைகளை உடைத்தோரும் பலர். இரு நூற்றாண்டுகள் கழித்தே தெ ரோஸ்ஸி அப்பணியை முறையாகத் தொடர்ந்தார்.

சுரங்கச் சுவர்களில் போசியோ கரியால் எழுதிய தம் பெயர் சில இடங்களில் இன்றும் காணப்படுகிறது.