டீசலுக்குப் பெயர் கொடுத்தவர்

சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும் என்ற இந்தச் சின்ன விஷயத்தை வைத்தே ஒரு இன்ஜினை உருவாக்கியவர் ருடால்ஃப் டீசல். ஆமாம், டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்!

ஜெர்மானியப் பெற்றோருக்கு 1858-ல் பாரிஸில் பிறந்தார். 1870-ல் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு ஓட நேர்ந்தது. கையில் காசில்லை. 12 வயது டீசலை மட்டும் ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகர உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பினார்கள். உங்கள் வயதுதான், பாருங்கள்! அங்கே நன்றாகப் படித்துப் பொறியாளர் ஆனார்.

அந்நாளைய நீராவி இன்ஜின்கள் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்கின. டீசல் வேறு வழி கண்டார். உருளைக்குள் காற்றை மிகவும் அமுக்கினால், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும், தீப்பொறி வேண்டாம். 1893 ஆகஸ்டில் முதல் சோதனை. அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது! டீசலோ மகிழ்ந்தார். எரிபொருள் தானே பற்றிக்கொண்டதே! மேலும் நான்கு ஆண்டு உழைத்து, 1897-ல் எரிபொருள் வெப்பத்தில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டினார்.

அடுத்து ரயில். சுல்சர் நிறுவனத்தோடு சேர்ந்து முயன்ற டீசல் ரயில் இன்ஜின் 1912-ல் ஸ்விட்சர்லாந்தில் ஓடியது. அதில் ஒரு சிக்கல். நீராவி, நின்ற இடத்திலிருந்தே சக்கரத்தைத் தள்ளும். டீசல் இன்ஜின் முதலில் சுழன்றால்தான் காற்று சூடாகும். எனவே சேமித்த அழுத்தக் காற்றால் ரயிலை நகர்த்தி, வேகம் பிடித்த பிறகே எண்ணெயைச் செலுத்தினார்கள். அடிக்கடி பழுதானதால் அது நிலைக்கவில்லை.

1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குக் கப்பலில் போனார் டீசல். மறுநாள் காலை அறையில் அவர் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் உடல் தென்பட்டது. என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ரயில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக் கோர்க்கும் வேலைக்கு 'ஷண்டிங்' என்று பெயர். பாதி நேரம் காத்திருப்பதுதான் அதில் வேலை. நீராவி இன்ஜினில் சும்மா நின்றாலும் கரி எரியும்! 1932-ல் இங்கிலாந்தின் ஒரு ரயில்வே, பழைய நீராவி இன்ஜினின் அடிச்சட்டத்தில் டீசல் இன்ஜினை ஏற்றி, ஷண்டிங்குக்குச் சோதித்தது. நடுவில் திரவத்தின் வழியே விசையைக் கடத்தியதால், சக்கரம் நின்றாலும் இன்ஜின் சுழன்றது. டீசலை வாட்டிய சிக்கல் தீர்ந்தது! அந்த இன்ஜின் சில ஆண்டுகளே இருந்தது. ஆனால் அதே ரயில்வே அடுத்தடுத்து டீசல் ஷண்டிங் இன்ஜின்களை வாங்கியது.