இலைச்சத்தைத் தேடியவர்: எல்லாப்பிரகட சுப்பாராவ் வாழ்வு

ஆரணிப் பட்டுடுத்தி மணவறை ஏறும் மங்கை அதனை நெய்தவர் யாரென அறியாள். சேவூர்த் தறிகளில் பல நாள் கால் மிதித்துக் கை சோர்ந்து நெய்தவரின் பெயர் எந்த முந்தானையிலும் பொறிக்கப்படுவதில்லை. மருத்துவ உலகிலும் அத்தகைய நெசவாளர் ஒருவர் வாழ்ந்தார். குழந்தைகளின் கடுங்குருதிப் புற்றுநோய்க்கு முதன்முதலில் தடையிட்ட மருந்து அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அவர்தாம் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். அந்நாளில் கோதாவரிக் கரையும் ஆரணிச் சீமையும் சென்னை மாகாணம் என்னும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. தந்தையார் ஜகந்நாதம் நோயுற்றுப் பணியிழந்தமையால் குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. பதின்மூன்று வயதில் சிறுவன் சுப்பாராவ், காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என எண்ணி வீட்டைவிட்டு ஓடினான். தாயார் வெங்கம்மா அவனை மீட்டு வந்தார். தம் நகைகளை விற்றும் மகனைப் படிக்கவைத்தார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியிலேதான் அவர் மெட்ரிகுலேசன் தேறினார் என்பது இன்றைய மாணாக்கர் மனங்கொள்ளத்தக்கது.

மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் அவருள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்துத் துறவியர் அவரை மருத்துவத் தொண்டின்பால் திருப்பினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராலான அறுவை அங்கியை அணிந்தார். ஆங்கிலேயரான அறுவை மருத்துவப் பேராசிரியருக்கு அது உவப்பாயில்லை. அதன் விளைவாக 1921இல் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாற்றாக எல்.எம்.எஸ். என்னும் சற்றுத் தாழ்ந்த பட்டமே அவருக்குக் கிட்டியது. தறியில் நெய்த ஒரு துணிக்காக அவர் கொடுத்த விலை அது.

அதனினும் பெருந்துயர் வீட்டில் நேர்ந்தது. உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் 'ஸ்ப்ரூ' என்னும் நோய் கொண்டுசென்றது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காமல், ஓயாத கழிச்சலும் சோகையுமாக உடலை உருக்கும் வெப்பநாட்டு நோய் அது. பின்னர்ச் சுப்பாராவையும் அது பற்றியது. ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் பிழைத்தார். அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் ஆசிரியராகவும் அமர்ந்தார். தம்மைப் பிழைப்பித்தது எது, உடன்பிறந்தாரைக் காக்க இயலாமற்போனது ஏன் என்னும் வினாக்கள் அவர் வாழ்நாள் முழுதும் உடன் நடந்தன எனலாம்.

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் அளித்த பொருளுதவியுடன் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க்குக் கப்பலேறினார். கைபிடித்த சேஷகிரி அம்மையார் அப்போது கருவுற்றிருந்தார். பிறந்த ஆண்மகவு தந்தை முகம் காணாமலே மறைந்தது. சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சென்ற கணவர் திரும்பவேயில்லை. ஆய்வு ஒன்று முடியுமுன் மற்றொன்று அவரை இழுத்துக்கொண்டது. அவருடைய புகழைப் பாடுவோர் அம்மையாரின் காத்திருப்பையும் அதே ஏட்டில் எழுதுதல் வேண்டும்.

பாஸ்டனில் மருத்துவமனை ஒன்றில் இரவுநேரப் பணியாளாக நோயாளிகளுக்குக் கழிகலம் ஏந்தி வயிறு வளர்த்தார். பகலில் ஹார்வர்டில் பயின்றார். சைரஸ் ஃபிஸ்கியுடன் இணைந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வகுத்தார். உயிர்வேதியியல் மாணாக்கர் இன்றும் அதனை ஃபிஸ்கி-சுப்பாராவ் முறை என்றே கற்கின்றனர். தசைகளின் இயக்கத்துக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் 1929இல் அவ்விருவரும் பிரித்தறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் லோமனும் தனித்து அதனைக் கண்டார். 1930இல் முனைவர் பட்டம் பெற்றும், ஹார்வர்டில் நிலையான உயர்பதவி வாய்க்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்துப் பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வகத்தில் சேர்ந்து, அதன் ஆய்வுத் தலைவரானார்.

இவ்விடத்தில் மற்றொரு நெசவுக் கதை வந்து இணைகிறது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928 முதல் பம்பாயில் துணியாலைப் பெண் தொழிலாளரிடையே காணப்பட்ட பேறுகாலச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு சத்து அதனைப் போக்குவதைக் கண்டார். அச்சத்து கீரையிலிருந்து 1941இல் பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945இல் சுப்பாராவின் குழுவினர் அதனைச் செயற்கையாக உருவாக்கினர். ஸ்ப்ரூ நோயாளிகள் அதனால் தேறினர். உடன்பிறந்தாரைக் காத்திருக்கக்கூடிய மருந்து இறுதியில் அவர் கைக்கு வந்தது. காலந்தான் கடந்திருந்தது.

ஆயின், ஆக்குவதே அழிக்கவும் கூடும் என்பதைக் குருதிப் புற்று உணர்த்தியது. அந்நோயில் எலும்பு மச்சையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகி, நல்லணுக்களுக்கு இடமில்லாமற் செய்துவிடும். அந்நாளில் கடுங்குருதிப் புற்றுற்ற குழந்தைகள் சில மாதங்களிலேயே இறந்தனர். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைச் சேர்மங்களை அவர்களுக்கு அளித்தபோது புற்றணுக்கள் முன்னினும் விரைந்து பெருகுவதாகக் கண்டார். இச்சத்து வளர்க்குமாயின், இதனைத் தடுப்பது நோயைத் தளர்த்தும் அன்றோ? தடுக்கும் பொருளைச் சுப்பாராவின் ஆய்வகம் ஆக்கித் தந்தது. அதுவே அமினோப்டெரின்.

அசற்சரிகைக்கும் போலிச் சரிகைக்கும் உள்ள ஒப்புமையைச் சேவூரார்க்கு விளக்க வேண்டுவதில்லை. அமினோப்டெரின் ஃபோலிக் அமிலத்தின் போலி. மூலக்கூற்றின் ஓரிடத்தில் மட்டும் சிறு மாற்றம். உயிரணு அதனை மெய்யென நம்பி ஏற்கும். ஏற்றபின் அணுவின் நெசவு நின்றுவிடும். போலி தீங்கென்பது உலக வழக்கு. ஈண்டுப் போலியே உயிர்காத்தது.

1948 சூனில் ஃபார்பர் தம் முடிவை வெளியிட்டார். மருந்துண்ட பதினாறு குழந்தைகளுள் பதின்மருக்கு நோய் தணிந்தது. தணிவு நிலைக்கவில்லை, நோய் மீண்டது. எனினும் படுக்கையில் கிடந்த குழந்தை சில மாதமேனும் எழுந்து விளையாடியது. அசையாதென எண்ணிய கதவு சற்றே அசைந்தது. அதே ஆய்வகத்தில் பிறந்த மெத்தோட்ரெக்சேட் பின்னர் அமினோப்டெரினின் இடத்தைப் பெற்றது. இன்றும் குழந்தைகளின் நிணவணுக் குருதிப் புற்றுக்குரிய கூட்டு மருந்துகளுள் ஒன்றாக அது நிற்கிறது. வளம்மிக்க நாடுகளில் அந்நோயுற்ற குழந்தைகளுள் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் இன்று பிழைக்கின்றனர்.

மருந்து திறந்த கதவின் வழியே பகையும் நுழைந்தது. புற்றணுவை அடக்கும் மருந்து காவல் வெள்ளணுக்களையும் குறைத்துவிடுவதால், காற்றிலும் ஈரச்சுவரிலும் வாழும் பூசணங்கள் நுரையீரலில் குடியேறுகின்றன. வாயில் வெண்பூசணம் படர்கிறது. 2021இல் பலரும் கேட்டறிந்த கருப்புப் பூஞ்சையும் இந்நோயாளிகளுக்குப் பழம்பகையே. 1950இல் ஹேசன், பிரௌன் என்னும் அம்மையார் இருவர் நிஸ்டாட்டினை வெளிப்படுத்தினர். தொடர்ந்து ஆம்ஃபோடெரிசின் வந்தது. இரண்டும் மண்வாழ் நுண்ணுயிர்கள் ஈந்தவை. மண்ணில் மருந்து தேடும் அவ்வழியிலேதான் சுப்பாராவின் ஆய்வகத்தில் டக்கர் ஆரியோமைசினைக் கண்டார். தமிழகத்தில் யானைக்கால் நோயைத் தடுக்க வீடுவீடாக வழங்கப்பெற்ற மாத்திரையும் 1947இல் அவ்வாய்வகம் அறிவித்ததே.

ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரு திங்களில், 1948 ஆகஸ்டில், உறக்கத்திலேயே சுப்பாராவின் இதயம் நின்றது. வயது 53. தாம் திறந்த கதவு எவ்வளவு அகலும் என்பதை அவர் காணவில்லை. கண்டுபிடிப்புகளோடு தம் பெயரைப் பிணைத்துக்கொள்ளும் வழக்கமான முயற்சிகளை அவர் மேற்கொண்டாரல்லர். 1953இல் ஹெசல்டைன் என்னும் பூசணவியல் அறிஞர் ஒரு பூசணத்துக்குச் சுப்பாரோமைசஸ் எனப் பெயரிட்டார். இந்திய அரசு 1995இல் அஞ்சல்தலை வெளியிட்டது.

சேவூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கப்பெற்றது. மாற்றிய மச்சை உடலோடு பகைக்காதிருக்கத் தரும் மருந்துகளுள் மெத்தோட்ரெக்சேட்டும் ஒன்று. சிகிச்சை முடிந்து தன் மகவைத் தோளில் சாய்த்துப் பேருந்தேறும் தாய்க்குச் சுப்பாராவின் பெயர் தெரியாது. தெரியாததால் குழந்தையின் மூச்சு குறைவதில்லை. ஆயினும் நெய்தவரை நினைப்பது உடுத்தியவரின் கடன். பெயர் நிலைக்க எழுதுவோர் அனைவரும், பெயரின்றி நிலைத்த இவ்வாழ்வை ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று.